தூணுக்குப் பின்னால் ஆம்ப்ரோஸ்

ஆறடி உயரம், அதற்கேற்ற அகலம். சிங்கப்பூரில், எங்கள் தோ பாயோ அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் அவர் நாலு எட்டு நடந்தால், கீழ்வீட்டுச் சீன ஆன்ட்டி துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டுவார். தும்மினால் எதிர் புளோக்கில் குழந்தை அழும் என்பான் ரவூப். அது பொய்தான், ஆனால் பெரிய பொய் இல்லை. இப்படிப்பட்ட மனிதரிடம், பகடை விளையாட்டில் உங்களுக்கு என்ன வேடம் வேண்டும் என்று கேட்டால் என்ன சொல்லியிருக்க வேண்டும்? வாள்வீரன் என்று சொல்லியிருக்கலாம். மல்லன் என்று சொல்லியிருக்கலாம். ஆம்ப்ரோஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் நழுவுகிற சின்னத் திருடன்தான் வேண்டும் என்றார். பரீதா சிரித்த சிரிப்பில் டீ சிந்தியது.

விளையாட்டு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் சவரிராஜுக்குக் கப்பலில் வேலை. எந்தத் துறைமுகத்திலோ ஒரு பெட்டியை வாங்கி வந்து, அதை என் தலையில் கட்டிவிட்டு மறுபடியும் கப்பலேறிவிட்டான். உள்ளே விதவிதமான பகடைகளும் பொடி எழுத்தில் ஒரு விதிப் புத்தகமும் இருந்தன. ஒருவர் கதையை நடத்த வேண்டும், மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேடம் போட வேண்டும். பாதாளக் குகை, அரக்கர்கள், புதையல் எல்லாம் வரும். சண்டை மூண்டால் யார் வெட்டினார், யார் விழுந்தார் என்பதைப் பகடை சொல்லும். நான் டைப்பிஸ்ட். பொடி எழுத்துக்குப் பயப்படாதவள். அதனால் கதை நடத்துகிற வேலை என்னிடம் வந்தது.

விளையாட வந்தவர்கள் மூன்று பேர்தான். பக்கத்து வீட்டு ரவூப், அவன் மனைவி பரீதா, அண்ணனோடு பள்ளியில் படித்த ஆம்ப்ரோஸ். ஆம்ப்ரோஸுக்கு பஸ் டிரைவர் வேலை. சனிக்கிழமை காலை ஷிஃப்ட் முடிந்து, சிராங்கூன் ரோட்டில் ஒரு பொட்டலம் வடை வாங்கிக்கொண்டு யூனிபார்மோடு வந்து நிற்பார். பிடோக்கில் அத்தை வீட்டில், ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு நடுவே வளர்ந்தவர். யார் வீட்டுக்குப் போனாலும் அந்தப் பெரிய செருப்பை வாசலில் சுவரோடு சுவராக ஒதுக்கி வைப்பார். நாற்காலியின் நுனியில்தான் உட்காருவார். நாம் இடத்தை அடைக்கிறோமே என்ற கூச்சம் அப்போதெல்லாம் அவருக்கு உண்டு. ஆனால் ஓடிவருகிற கிழவிக்காக பஸ்ஸை நிறுத்தி வைப்பதில் மட்டும் அவருக்குக் கூச்சமே கிடையாது. யார் ஹார்ன் அடித்தாலும் சரி, அந்தக் கிழவி ஏறி உட்கார்ந்த பிறகுதான் வண்டி நகரும்.

அந்த விளையாட்டில் ஒளிவதற்கு என்று தனி விதி உண்டு. முதலில் மறைய ஓர் இடம் வேண்டும். இருட்டு, தூண், பீப்பாய், ஏதோ ஒன்று. ஒருவன் உன்னை நேராகப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவன் கண்ணெதிரே ஒளிய முடியாது. இந்த இரண்டும் சரியாக இருந்தால் பகடை உருட்டலாம். இதில்தான் விஷயமே இருக்கிறது. அந்தப் பகடையை ஒளிகிறவர் உருட்டக் கூடாது. கதை நடத்துகிற நான், ஓர் அட்டையை மறைப்பாக நிறுத்தி, அதற்குப் பின்னால் உருட்டுவேன். என்ன விழுந்தது என்று சொல்லமாட்டேன். ஒளிகிறவர் தன்னை யாரும் பார்க்கவில்லை என்று நம்பிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். உண்மையிலேயே மறைந்திருந்தால், பின்னாலிருந்து ஒரே ஒரு அடி அடிக்கலாம். அது பயங்கரமான அடி. அடித்த நொடியில் மறைவு போய்விடும், பிறகு எல்லாருக்கும் தெரிவார்.

நம் ஆள் அந்த ஒரு அடியை அடிக்கவே மாட்டார்! ரவூபின் வீரன் அடிவாங்கிச் சுருண்டு கிடப்பான்.

"ஆம்ப்ரோஸ் அண்ணே, வெளிய வாங்க லா! நான் சாகப் போறேன்!"

"இரு ரவூப், இரு. சரியான நேரம் வரட்டும்."

அந்தச் சரியான நேரம் வருவதற்குள் பரீதா ஏதாவது மந்திரம் போட்டுச் சண்டையை முடித்துவிடுவாள். எனக்கு எரிச்சலாக வரும். "உலகம் முழுக்க இருக்கறவங்ககிட்டேருந்து ஒளிய முடியாது ஆம்ப்ரோஸ். ஒரு ஜோடிக் கண்ணுகிட்டேருந்துதான் ஒளியறீங்க. அந்தக் கண்ணு எங்க இருக்குன்னு மொதல்ல பாருங்க" என்று எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். நாளெல்லாம் பஸ் கண்ணாடியில் முன்னும் பின்னும் பார்த்து ஓட்டுகிற மனிதர் இதற்கு மட்டும் தலையை ஆட்டிவிட்டு வடை தின்பார்.

இந்தப் புத்தி மேசையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலிலும் இதே கூத்துதான்.

நான் கோயில் பாட்டுக் குழுவில் பாடுகிறவள். பாடுகிறவர்களுக்கு இடம் பின்பக்கத்து மாடி. மாடிப்படிக்கு எதிரே ஒரு பெரிய தூண். நான் படியேறும்போதும் இறங்கும்போதும் கள்ளத்தனமாகப் பார்ப்பதற்காக ஆம்ப்ரோஸ் அந்தத் தூணுக்குப் பின்னால்தான் உட்காருவார். படியிலிருந்து பார்த்தால் அவர் தெரியமாட்டார், வாஸ்தவம். ஆனால் மாடிக்கு வந்துவிட்டால்? அடக் கடவுளே, உச்சந்தலை வழுக்கை முதல் மடியில் வைத்திருக்கும் சீப்பு வரை அத்தனையும் தெரியும். பூசை முடிகிற நேரத்தில் தலைவாருவார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைப்பார். பிறகு தூணைப் பார்த்துக் கைகூப்பி வாயசைப்பார். என் அப்பாவிடம் பெண் கேட்கத்தான் அந்த ஒத்திகை என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. பாவம், தூண்தான் பதில் சொல்லவில்லை. பாட்டின் நடுவே எனக்குச் சிரிப்பு வந்து சுருதி போனதும் உண்டு.

நீயே போய்ச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். என்னிடமே ஒரு வார்த்தை கேட்காத மனிதரைப் பற்றி நான் அப்பாவிடம் என்னவென்று சொல்வது? எனக்கும் ரோஷம் உண்டு.

1984இல் மலேசியாவின் கிள்ளானிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை பள்ளிக்கூட ஆசிரியர், நல்ல குடும்பம். இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிறு பார்க்க வருவதாகக் கடிதம் போட்டிருந்தார்கள். அவர்களுக்குப் பிடித்தால் உடனே சாமியாரிடம் ஓலை கொடுத்துவிடலாம் என்றார் அப்பா. ஓலை என்றால் கல்யாண அறிவிப்பு. இன்னாரும் இன்னாரும் மணமுடிக்கப் போகிறார்கள், தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு பூசையில் வாசிப்பார்கள். வாசித்துவிட்டால் ஊருக்கே தெரிந்துவிடும், பின்வாங்குவது லேசில்லை. எனக்கு அந்த வடைப் பொட்டலம்தான் வேண்டும், அந்தச் சுவரோரச் செருப்புதான் வேண்டும் என்பது அன்றைக்குத்தான் எனக்கே முழுசாகத் தெரிந்தது.

அந்தச் சனிக்கிழமை விளையாடும்போது கிள்ளான் செய்தியை வேண்டுமென்றே எல்லார் காதிலும் போட்டேன். ஆம்ப்ரோஸ் "நல்ல விஷயம்" என்று மேசையைப் பார்த்துச் சொன்னார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனது ஆகட்டும் என்று தூண்கள் நிறைந்த ஒரு மண்டபத்தில் சண்டையை மூட்டினேன். ரவூபின் வீரன் விழுந்தான். பரீதாவை இரண்டு அரக்கர்கள் மூலையில் மடக்கினார்கள்.

"நான் தூணுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கேன்" என்றார் ஆம்ப்ரோஸ்.

அட்டைக்குப் பின்னால் பகடையை உருட்டினேன்.

"இப்ப என்ன செய்யறீங்க?"

"அங்கேயேதான். சரியான நேரம் வரட்டும்."

மறைப்பு அட்டையைத் தூக்கி எறிந்துவிட்டேன். அப்படிச் செய்யக் கூடாதுதான். மேசையில் பகடை எல்லாருக்கும் தெரியக் கிடந்தது. தோல்வி.

"நல்லாப் பாத்துக்குங்க! அந்தத் தூணு கீழ இருக்கறவங்களுக்குத்தான் மறைப்பு. மேல மாடியில வில்லோட ஒருத்தி நிக்கறா. ஆரம்பத்துலேருந்து உங்களத்தான் பாத்துக்கிட்டு இருக்கா. ஒரு தடவையாவது நிமிந்து பாத்தீங்களா?"

ஆம்ப்ரோஸ் கையிலிருந்த வடை வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. ரவூப் ஏதோ சொல்ல வாயெடுத்தான், பரீதா அவன் தொடையைக் கிள்ளினாள். கூடத்தில் பிரம்பு நாற்காலியில் தமிழ்ப் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் அப்பா சூசைநாதன் வெகுநேரமாகப் பக்கத்தைத் திருப்பவே இல்லை.

"பாத்துக்கிட்டே இருந்தாள்னா" என்று ஆம்ப்ரோஸ் மெல்லக் கேட்டார், "ஏன் அம்பு விடல?"

"விடணும்னு அவளுக்குத் தோணல."

அவர் வடையைத் தட்டில் வைத்தார். போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் எழுந்து போனார். கெடுத்துவிட்டோமோ என்று நான் அன்றிரவு கண்ணை மூடவில்லை.

மறுநாள் காலை மாடியேறிப் பார்த்தேன். தூணுக்குப் பின்னால் ஆள் இருந்தார். இரண்டாம் பாட்டு தொடங்கியதும் மெதுவாகத் திரும்பினார், நிமிர்ந்தார், பார்த்தார். நானும் பார்த்தேன். சீப்பை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

பூசை முடிந்து கோயில் வளாகத்தில் எல்லாரும் காப்பிக் கோப்பையோடு நின்றிருந்தார்கள். அப்பா கையில் காணிக்கைப் பை. அவர்தான் வாராவாரம் வரிசை வரிசையாகப் பையை நீட்டுகிறவர். ஆம்ப்ரோஸ் கூட்டத்தின் நடுவே நேராக நடந்து வந்தார். மெதுவாகப் பேச அவருக்கு எந்தக் காலத்தில் வந்தது?

"அங்கிள், உங்க பொண்ண எனக்குக் கட்டிக் குடுங்க."

காப்பி ஊற்றிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். அப்பா என்னைப் பார்த்தார்.

"அவளக் கேட்டியா தம்பி?"

ஆம்ப்ரோஸ் என் பக்கம் திரும்பினார். முகமெல்லாம் வியர்வை. "உர்சுலா, உங்களுக்கு... உங்களுக்குச் சம்மதமா?"

"இத்தன வருஷம் ஆச்சா இதக் கேக்கறதுக்கு!" என்று கத்தினேன். கண்ணில் தண்ணீர் முட்டியது. "சம்மதம்தான்!"

அப்பா காணிக்கைப் பையைத் தூக்கிக் காட்டினார். "தம்பி, வாராவாரம் அந்தத் தூணுகிட்ட வந்து இந்தப் பையை நீட்டறேன். நீ படியவே பாத்துக்கிட்டு இருப்ப, பை இருக்கறதே உனக்குத் தெரியாது. நீயா வந்து கேப்ப கேப்பன்னு பாத்தேன். நீ கேக்கற மாதிரி தெரியல, அப்புறந்தான் கிள்ளானுக்கு எழுதுனேன். ஒளிஞ்சது போதும், வா, காப்பி குடி."

கிள்ளான்காரர்களுக்கு அன்றைக்கே போன் போட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டார் அப்பா.

எங்கள் முதல் ஓலையை வாசித்த ஞாயிறு ஆம்ப்ரோஸ் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பின்னாலிருந்தவர்களுக்குப் பீடம் தெரிந்திருக்காது. பெயர்களை வாசித்துவிட்டு, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் நிறுத்தினார். அந்த அமைதியில் இந்த மனிதர் எழுந்து, திரும்பி, மாடியைப் பார்த்துக் கையசைத்தார்! அவ்வளவுதான், மொத்தக் கோயிலும் திரும்பி என்னைப் பார்த்தது. நான் பாட்டுப் புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தேன். பிறகு குனிந்து ஆர்மோனியத்துக்குப் பின்னால் உட்கார்ந்தே விட்டேன். கீழே சிரிப்பு கேட்டது.

வெளியே வந்ததும், மானத்தை வாங்கிவிட்டீர்களே என்று சண்டைக்குப் போனேன். ஆம்ப்ரோஸ் அசையவில்லை. அத்தனை பேர் நடுவிலும் அந்தப் பெரிய உடம்பு முழுசாக நிமிர்ந்து நின்றது.

"எல்லாரும் நேரா பாத்துக்கிட்டு இருக்கும்போது ஒளிய முடியாது" என்றார். "உங்க ரூல்தானே லா."