ஏழு நாள் இலவசம்

புளி மண்டி வைத்திருப்பவன் நான். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை. கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் புளியைக் கையில் எடுத்துப் பிசைந்தே எவ்வளவு கொட்டை, எவ்வளவு ஈரம் என்று சொல்லிவிடுவேன். என்னை ஏமாற்ற இந்த ஊரில் ஆள் கிடையாது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு திரிந்தவன். அந்த என்னைத்தான் ஒரு செயலி ஏழு நாள் இலவசம் என்று சொல்லிக் கவிழ்த்தது. கவிழ்ந்தது நான் மட்டும் என்றால் இதை எழுதியே இருக்க மாட்டேன்.

கடையைப் பெரிதாக்க வங்கிக் கடன் கேட்கலாம் என்றிருந்தேன். முதலில் உங்கள் கடன் மதிப்பெண் எவ்வளவு என்று பாருங்கள் பாய், போனிலேயே இலவசமாகக் காட்டுகிறான் என்றார் பக்கத்துக் கடைக்காரர். செயலியை இறக்கினேன். ஏழு நாள் காசே வேண்டாம், சரிபார்க்க மட்டும் ஒரு கார்டு, அதிலிருந்து ஒரு ரூபாய் என்றது. என் கார்டைக் கொடுக்கப் பயம். கடைப் பணம் முழுக்க அந்தக் கணக்கில்தான் புரள்கிறது, எவனாவது துடைத்துவிட்டால்? அப்போதுதான் அந்த அதிபுத்திசாலி யோசனை வந்தது. அம்மாவின் கார்டு இருக்கிறதே!

அம்மாவின் கணக்கில் மாதம்தோறும் முதியோர் உதவித்தொகை விழும். கார்டு என் தங்கையிடம் இருக்கும். கணவர் இறந்த பிறகு அவள் எங்களோடுதான் இருக்கிறாள். துணி தைத்துச் சம்பாதிக்கிறாள், அம்மாவைப் பார்த்துக்கொள்வதும் அவள்தான். மருந்துக்கு மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை அப்படியே விடச் சொல்லியிருந்தார் அம்மா. அது அவருடைய கஃபனுக்கு. தன்னைப் போர்த்திப் புதைக்கிற துணியும் அடக்கச் செலவும் தன் காசிலேயே நடக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம்.

தங்கையிடம் கார்டை வாங்கினேன். ஓடிபி அம்மாவின் பட்டன் போனுக்கு வந்தது, அதையும் நானே பார்த்துப் போட்டேன். பச்சை வட்டத்துக்குள் என் மதிப்பெண் வந்தது, மிக நன்று என்று. மனசு குளிர்ந்துவிட்டது. ஏழாம் நாளுக்குள் ரத்து செய்ய வேண்டும் என்பதும் நினைவில் இருந்தது. ஆனால் அது பங்குனி, புளி உலுக்கும் சமயம். மலைமேல் கரியாலூர்ப் பக்கம் நாலைந்து நாள் மரம் மரமாக அலைந்தேன். அங்கே ஒரு வளைவில் சிக்னல் இருக்கும், அடுத்த வளைவில் இருக்காது. இறங்கி வந்ததும் லோடு, கூலி, கோணி. செயலியைச் சுத்தமாக மறந்துவிட்டேன்.

அதன் பிறகு மாதாமாதம் நானூறு சொச்சம் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. தகவலெல்லாம் பட்டன் போனுக்குத்தான் வந்திருக்கிறது, இங்கிலீஷில். அம்மா அதில் பச்சைப் பட்டனைத் தவிர வேறெதையும் தொட்டவர் இல்லை.

ரமலானுக்கு முன்னால், தன் காசு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அம்மா கேட்டார். தங்கை ஏடிஎம்மில் பார்த்து வந்து சொன்னாள். நான் மனக்கணக்குப் போட்டேன். நாலாயிரத்துக்கு மேல் உதைத்தது. அம்மா காசு என்ன கால் முளைத்து நடந்து போய்விட்டதா என்று அவளைக் கேட்டேன். முதலில் புரியாமல் பார்த்தாள். புரிந்ததும் முகம் செத்துப்போனது.

"நடுவுல ஒரு தபா நீதான்ணே கார்டு வாங்கினு போன" என்றாள், மெதுவாக.

எனக்கு வந்ததே கோபம்! ஒரு ரூபாய்க்கு வாங்கினதைச் சொல்லிக் காட்டுகிறாயா, சோறு போடுகிறவனையே திருடன் என்கிறாயா என்று கத்தினேன். தன் சோற்றுக்குத் தானே தைத்துச் சம்பாதிக்கிறவளைப் பார்த்து, நாக்கில் நரம்பில்லாமல் அப்படிச் சொன்னேன். அவ எடுக்க மாட்டாடா என்று அம்மா ஒரே ஒரு தடவை சொன்னார். மறுநாள் காலை தங்கை மணலூர்பேட்டையில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள். கார்டை அம்மாவின் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

நான் வங்கிக்குப் போனது அவள் பணம் எடுத்த தேதிகளைக் காட்டி அம்மாவின் வாயை அடைக்கத்தான். பாஸ்புக்கைப் பதிந்து கொடுத்த பெண் வரிசையாக விரல் வைத்துக் காட்டினார். ஒவ்வொரு மாதமும் ஒரே பெயர், ஒரே தொகை. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு ரூபாய்.

"இத யாரும் திருடலைங்க. நீங்களே ஒத்துக்கினு போட்டது" என்றார்.

அங்கேயே நின்று செயலியைத் திறந்தேன். பச்சை வட்டம் அப்படியே இருந்தது. நம்பிப் பணம் கொடுக்கலாம், அப்பேர்ப்பட்ட ஆளாம் நான். ரத்து செய்ய இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. போன காசு திரும்ப வராது என்றது.

அன்றைக்கே மணலூர்பேட்டைக்குப் போனேன். நாத்தனார் முன்னாலேயே எல்லாவற்றையும் சொல்லி, தப்பு என்னுடையது, மன்னித்துவிடு என்றேன். அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அம்மா மாத்திரை போட்டார்களா என்று மட்டும் கேட்டாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு என்னோடு கிளம்பினாள்.

குறைந்த பணத்தை அம்மாவின் கணக்கில் கட்டினேன். பெருநாளும் வந்து போனது, வீடு பழையபடி ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் இப்போதெல்லாம் தங்கை ஒவ்வொரு தடவை பணம் எடுத்து வந்ததும், ஏடிஎம் சீட்டையும் மருந்துக்கடை பில்லையும் சேர்த்து மடித்து என் மேசையில் வைக்கிறாள். நான் கேட்டதே இல்லை. வேண்டாம் என்று எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. போன வாரம் பொறுக்க முடியாமல், எதுக்கும்மா இப்படி என்னைக் கொல்ற என்று கேட்டேவிட்டேன்.

அவள் கோபமே இல்லாமல் சொன்னாள். "அம்மா இருக்கசொல்லவே என்னை அப்படிக் கேட்டியேண்ணே. நாளைக்கி அம்மாவும் போய்ட்டா எனக்காக இந்த வூட்ல யாரு பேசுவா? இது இருக்கட்டும்."

கிழித்துப் போடலாம் என்று கையில் எடுத்த சீட்டை, மற்றவற்றோடு சேர்த்துக் கிளிப்பில் மாட்டி வைத்தேன். அவளுக்கு அது தேவைப்படலாம்.