கேப்டனுக்குக் குழி வெட்டிய கதை

தலைமையாசிரியை என்பவள் பாடம் நடத்துவதற்காக நியமிக்கப்பட்டு, பாடத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நடத்துகிறவள். கூரை ஒழுகினாலும், கப்பல் தாமதமாகிச் சாக்கட்டி தீர்ந்துபோனாலும், பள்ளி வாசலில் மாடு கன்று ஈன்றாலும் எல்லாரும் அவள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். இதை வாசிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை, நீங்களும் பட்டவர்கள்தாம்.

அறுபதுகளில் நான் அந்தமானில், போர்ட் பிளேரை அடுத்த கராச்சர்மாவில் ஒரு தமிழ்வழிப் பள்ளியை நடத்திக்கொண்டிருந்தேன். மெயின்லாண்டுக்கு மாற்றலாகிப் போன அதிகாரி ஒருவர், தம் குதிரையைக் கப்பலேற்ற மனமில்லாமல் எங்கள் பள்ளிக்கு விட்டுச் சென்றிருந்தார். அதன் பெயர் கேப்டன். செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைத் திட்டு, பெண்பிள்ளைகளின் சடையை மெல்லும் கெட்ட பழக்கம். தூரத்துக் குடியிருப்புகளிலிருந்து பிள்ளைகளை வண்டியில் இழுத்து வந்தது அதுதான். அது இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகளுள் பலர் பள்ளிப் பக்கமே வந்திருக்க மாட்டார்கள். பிறகு பஸ் வந்தது. கேப்டனுக்கு ஓய்வு கிடைத்தது. ஓய்வைத் தொடர்ந்து முதுமையும் வந்தது. பற்கள் தேய்ந்தன, பின்னங்கால்கள் மடங்கத் தொடங்கின.

செத்த கால்நடையைக் காலில் கயிறு கட்டி இழுத்துக் கடலோரத்தில் தள்ளிவிடுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கேப்டனுக்கு அந்தக் கதி வரக் கூடாது. வலியில் கிடந்து சாகவும் கூடாது. மண்ணுக்குள் மரியாதையாகப் போய்ச் சேர வேண்டும். எளிய ஏற்பாடு என்றுதான் நினைத்தேன்.

தும்பிக்கை இல்லாத யானை

கால்நடை மருத்துவர் ஒரு வங்காளி. காட்டில் மரம் இழுக்கும் யானைகளுக்கு வைத்தியம் பார்த்தே தலை நரைத்தவர். மாதத்தில் பெரும்பகுதி ஏதாவது ஒரு காட்டு முகாமில் இருப்பார். போர்ட் பிளேருக்கு வந்து சேரும் சில நாட்களில்தான் நம் கையில் சிக்குவார். தமிழ்ப் பாகன்களிடம் கற்ற தமிழையும் தீவின் இந்தியையும் கலந்து பேசுவார். கேப்டனை நான்கு பக்கமும் சுற்றிவந்து, பின்னங்கால்களைத் தடவிப் பார்த்து, மழைக்காலம் தாண்டாது என்றார்.

பிறகு அவர் சொன்னதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. காட்டில் யானை விழுந்தால் விழுந்த இடத்திலேயே குழி வெட்டிவிடலாம். எங்கள் குதிரைக் கொட்டகையோ பள்ளிக் கிணற்றுக்கும் இரண்டாம் வகுப்புக்கும் நடுவில் இருந்தது. அங்கே வெட்ட முடியாது. குதிரை விழுந்துவிட்டால் இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும். ஆகவே முதலில் குழி தயாராக வேண்டும். குதிரை நடக்கும் தெம்போடு இருக்கும்போதே அதைக் குழியருகே நடத்திச் சென்று, அங்கே ஊசி போட வேண்டும். அந்த நாளை நான் குறிக்க வேண்டும். குதிரை வைத்தியத்தில் தங்களுக்கு அனுபவம் உண்டா என்று கேட்டுவிட்டேன். கவலை வேண்டாம் என்று அவர் சிரித்தார். "ஃபிகர் மத் கரோ டீச்சர்ஜி, இதுவும் யானைதான், தும்பிக்கை மட்டும் இல்லை!"

நலம் விசாரிக்க வந்தவர்கள்

குதிரையைப் புதைக்கப் போகிறார்கள் என்ற செய்தி பஸ்ஸைவிட வேகமாகப் பரவியது. மறுநாளிலிருந்தே பெற்றோர் வரத் தொடங்கினர். பிள்ளையின் படிப்பைக் கேட்க ஒருநாளும் வராதவர்கள், கேப்டனின் பசியையும் மூச்சையும் அவ்வளவு அக்கறையாக விசாரித்தார்கள். ஊர் மனிதர்களைப் பற்றி நான் இதுவரை தவறாக எண்ணிவிட்டேனோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

உண்மை வேறு. புதிதாக நிலம் பெற்றுத் தென்னையும் பாக்கும் வைத்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். முழுக் குதிரை ஒன்று அடியில் கிடந்தால் மரம் எப்படிக் காய்க்கும் என்று ஒவ்வொருவரும் கணக்குப் போட்டிருந்தனர். ஒருவர் தம் தோட்டத்தில் இடம் தருவதாகச் சொன்னார்; மற்றவர் தம் தோட்டத்து மண் அதைவிட மென்மை என்றார். பள்ளிக் குதிரை பள்ளி நிலத்தில்தான் போகும் என்று கண்டிப்பாகச் சொல்லி எல்லாரையும் அனுப்பினேன். ஒருவர் மட்டும் வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். கையில் ஈரச் சாக்கில் சுற்றிய தென்னங்கன்று இருந்தது. "ஒரு தேதி சொல்லுங்க டீச்சரம்மா, வேரு காஞ்சுபோகுது, எத்தனை நாளைக்குத்தான் இந்தக் கன்னை நடாம வச்சிருக்கிறது?"

அளவு

குழி வெட்டும் பொறுப்பைக் காண்டிராக்டர் சண்முகத்திடம் ஒப்படைத்தேன். மதுரைப் பக்கத்துக்காரர், பள்ளிக்குச் சுவர் வைத்தவர். அவர் நூல்கண்டோடு கொட்டகைக்கு வந்து கேப்டனை அளக்க முனைந்தார். அங்கேதான் சண்டை மூண்டது. வண்டியோட்டி அந்தோணிசாமி, தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து வந்தவர், கேப்டனின் முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றுவிட்டார். உயிரோடு இருக்கிற உடம்பைக் குழிக்கென்று நூல் பிடித்து அளந்தால் ஆயுசு அந்த நூலோடு முடிந்துவிடும் என்பது அவர் கட்சி. ஆயுசு முடியப் போவதால்தானே அளக்கிறோம் என்று நான் கேட்டும் அவர் கை இறங்கவில்லை.

நான் வகுப்புக்குப் போய்த் திரும்புவதற்குள் இருவரும் சமாதானமாகியிருந்தனர். அதுதான் என் சந்தேகத்தைக் கிளப்பியிருக்க வேண்டும். குழி வெட்டி முடிந்தபின் பார்த்தேன். விளிம்பு பிசிறில்லாமல், சுவர் தூக்கு நூல் பிடித்ததுபோல, அழகாகத்தான் இருந்தது. அகலம் மட்டும் ஒரு பீரோவைப் படுக்கவைக்கும் அளவு. சண்முகம் குதிரையைத் தொடாமல், வண்டியின் இரண்டு ஏர்க்கால்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியை அளந்து வெட்டியிருந்தார். கேப்டன் பக்கவாட்டில் படுத்துக் கால்களை நீட்டினால் எங்கே நீட்டும் என்று கேட்டேன். சண்முகம் சற்றும் கலங்கவில்லை. "உங்க குதிரை நின்னுக்கிட்டேதானே வேலை பார்த்துச்சு டீச்சர், அது படுத்து யாரு பார்த்தா?"

திடீர்க் குளம்

குழியை அகலப்படுத்தினோம். அந்த வாரமே மழை இறங்கியது.

வேலையாட்கள் தோண்டுவதற்கு எளிதென்று தாழ்வான களிமண் நிலத்தைத் தேர்ந்திருந்தார்கள். ஒரு மழைக்கே குழி விளிம்புவரை நிரம்பிற்று. களிமண் சொட்டுத் தண்ணீரையும் உள்ளே இழுக்கவில்லை. கோடை முழுவதும் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்த பெண்களுக்கு இது தெய்வம் தந்த குளமாகிவிட்டது. காலையில் நான் போனபோது துவைக்கும் கல் வந்திருந்தது, கொடிக்கயிறு கட்டியாகியிருந்தது, யாருடைய வாத்தோ நீந்திக்கொண்டிருந்தது. தண்ணீரை இறைத்துவிட்டு இடத்தைக் காலிசெய்யும்படி கேட்டேன். புடவையைப் பிழிந்துகொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவ்வளவு நல்ல பானியை ஒரு குதிரைக்கு விடச் சொல்றீங்களே டீச்சர், படிச்ச உங்களுக்கே இது நல்லா இருக்கா?"

நான் தோற்றேன். புதிய குழி, விளையாட்டுத் திடலுக்கு மேலே இருந்த மேட்டில், தண்ணீர் தங்காத கற்பாங்கான நிலத்தில் வெட்டப்பட்டது. ஆனால் இப்போது கேப்டன் தன் முடிவுக்கு நடந்து மட்டும் அல்ல, ஏறியும் போக வேண்டியிருந்தது.

வெல்லம்

அடுத்து வந்தவர்கள் பழைய மாணவர்கள். லம்பா லைனிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும், கேப்டனின் வண்டியில் வந்து படித்தவர்கள், இப்போது மீசையும் தாலியுமாக, கடைசி முறையாகப் பார்க்க வந்தார்கள். வெறுங்கையோடு எவரும் வரவில்லை. எல்லார் கையிலும் வெல்லம். பல் தேய்ந்த கேப்டன் அதை நாக்கில் வைத்துக் கரைத்துக் கண்ணை மூடிக்கொண்டது. இரண்டே நாளில் வயிறு உப்பி, குளம்பு கொதித்து, தரையில் கால் ஊன்ற முடியாமல் தவித்தது. டாக்டர் வந்து பார்த்து, வெல்லம்தான் காரணம் என்று கடிந்துகொண்டு போனார்.

கொட்டகை வாசலில் கயிறு கட்டி, இனிப்புக் கூடாது என்று தடைபோட்டேன். எங்கள் தையல் ஆசிரியை மேரி புஷ்பத்துக்கு அது பொறுக்கவில்லை. இளகிய மனம், பரீட்சையில் தோற்ற பிள்ளையோடு சேர்ந்து அழுகிறவர். மறுநாள் அவர் கைப்பையிலிருந்து நானே அச்சுவெல்லத்தைப் பறிமுதல் செய்தேன். அவர் கண் கலங்கிவிட்டது. "சாகப்போற ஜீவனுக்கு வாய்க்கு ருசியா ஒண்ணு குடுக்கக் கூடாதுன்னா, வேற என்னதான் குடுக்கிறது பெரிய டீச்சர், வாய்ப்பாடா?"

நேராக நின்ற குதிரை

டாக்டர் சொல்லியனுப்பினார்: நாளை மறுநாள் வடக்கே முகாமுக்குப் படகு ஏறுகிறார், மழை குறையும் வரை திரும்ப மாட்டார். ஒன்று நாளைக்கு, இல்லையேல் அவர் இல்லாமலேயே கேப்டன் விழும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டும். அந்தோணிசாமியோ தினமும் ஒரே அறிக்கை தந்துகொண்டிருந்தார்: நன்றாகத் தின்றான், நன்றாக நிற்கிறான், வெல்லக் காய்ச்சல் போய்விட்டது. நான் முன்னறிவிப்பின்றிக் கொட்டகைக்குப் போனேன்.

கேப்டன் நின்றுகொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் வரும் நாளில் கடைசி பெஞ்சு நிற்பதுபோல, சந்தேகப்படும்படி நேராக நின்றது. அருகே போய்க் குனிந்தேன். வயிற்றுக்கடியில் மீன்வலை. மடித்து மடித்துப் பட்டையாக்கி, உடம்பில் அறுக்காதபடி சாக்குத்துணி வைத்துத் தைத்து, நான்கு மூலையிலும் கயிறு முடிந்து உத்தரத்தில் கட்டியிருந்தது. பின்னங்குளம்புகள் தரையைத் தொட்டும் தொடாமலும் இருந்தன. அந்தோணிசாமி என் முகத்தைப் பார்க்காமல் வைக்கோலைக் கிளறினார். விழுந்தால் நான் டாக்டரைக் கூப்பிட்டுவிடுவேன் என்று பயந்து, கடலில் கற்ற வித்தையைக் கொட்டகையில் காட்டியிருக்கிறார். கோபித்துக்கொள்ள வாயைத் திறந்தேன். அந்தத் தையலைப் பார்த்ததும் கோபம் வரவில்லை. நாளைக் காலை என்று மட்டும் சொன்னேன். அவர் கையிலிருந்த வைக்கோலைக் கீழே போட்டார். "கீழ விழாம நிக்கான்லா டீச்சர், இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?"

மேடு

காலையில் மழை சற்று நின்றிருந்தது. வலையை அவிழ்த்ததும் கேப்டன் சரிந்துவிடும் என்று அஞ்சி, பலகையோடும் கயிறோடும் ஆட்களை நிறுத்தியிருந்தேன். கேப்டன் சரியவில்லை. உடம்பை ஒருமுறை உதறியது. அந்தோணிசாமி முன்னே நடக்க, கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, மாதக்கணக்கில் நான் கண்டிராத நடையில் மேட்டை நோக்கிப் புறப்பட்டது.

சுற்றி நின்ற கூட்டம் மகிழ்ச்சியில் கூச்சலிட்டது. "தேக்கோ, பில்குல் டீக் ஹை!" என்று யாரோ, குதிரைக்கு ஒரு குறையும் இல்லையென, இந்தியில் கத்தினார்கள். நன்றாக இருக்கிற குதிரையைக் கொல்லப் பார்க்கிறாள் என்று தமிழில் வேறு யாரோ சொன்னது தெளிவாகவே என் காதில் விழுந்தது. மேரி புஷ்பம் என் கையைப் பிடித்து, இன்னும் ஒருநாள் பார்க்கலாம் என்று கெஞ்சினார். சண்முகம்கூட மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டார். மேட்டில் மருந்துப் பெட்டியோடு நின்ற டாக்டர், என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ பிள்ளைகளின் தேர்ச்சியை நிறுத்தியிருக்கிறேன். ஓர் ஊரே சேர்ந்து என்னை அப்படிப் பார்த்ததில்லை. ஆனால் நான் கேப்டனின் பக்கத்தில் நடந்துவந்தவள். பாதி ஏற்றத்திலேயே பின்தொடைகள் துடிக்கத் தொடங்கியதையும், அந்தக் குளிர்ந்த காற்றில் கழுத்து வியர்த்துக் கறுத்ததையும் பார்த்தேன். இருந்த தெம்பெல்லாம் அந்த ஏற்றத்துக்கே செலவாகிக்கொண்டிருந்தது. நாளைக்கென்று மிச்சம் எதுவும் இல்லை.

குழியருகே வந்ததும் கேப்டன் அந்தோணிசாமியின் தோளில் மோவாயை வைத்து மூச்சு வாங்கியது. "போடுங்கள்" என்றேன். வகுப்பில் பேசும் குரல்தான் வந்தது. வேறு குரல் வந்திருந்தால் நான் நின்றிருக்க மாட்டேன். முன்னங்கால்கள் முதலில் மடங்கின. பிறகு கேப்டன் பக்கவாட்டில் மெல்லச் சாய்ந்தது. அந்தோணிசாமி அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, டாக்டர் தலையசைக்கும் வரை காதோரம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். ஆட்கள் மெதுவாக உள்ளே இறக்கினார்கள். நாய்கள் தோண்டாதபடி மண்ணின்மேல் கல் அடுக்கினார்கள். மழை மீண்டும் பிடித்துக்கொண்டதும் ஊர் கலைந்தது.

அந்தோணிசாமி மட்டும் கையைக் கழுவிக்கொண்டு என்னிடம் வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். "நீங்க செஞ்சது சரிதான் டீச்சர், ஆனா ஒரு வாரத்துக்கு அதை என்கிட்ட சொல்லிராதீய."

ஆக, என் உத்தியோக காலத்தில் நான் பட்ட துன்பங்களுள் மிகக் கொடியது, சரியான விடை தெரிந்திருந்தும் ஒரு வாரம் முழுக்க வாயை மூடிக்கொண்டு பள்ளிக்கூடம் நடத்தியதுதான்.