பிரசங்கத்தின் நடுவே ஒரு மேகம்

எங்கள் அம்மா பாவசங்கீர்த்தனத்தில் சொன்ன பெரிய பாவம் கருவாட்டில் மணல். சாமியாரிடம் ரகசியமாகச் சொன்னதை வீட்டுக்கு வந்து எங்களிடமும் சொன்னாள். அடுத்தவன் பல்லில் மணல் கடிபட வைப்பது திருட்டில் சேர்த்தி என்பது அவள் கட்சி. அதற்குப் பிறகு எங்கள் களத்தில் மீன் மணலில் படுத்ததே இல்லை. கம்பு நட்டு, வலை கட்டி, அதன் மேல்தான் காயும்.

அம்மாவுக்குப் பின் களம் தங்கச்சி கைக்கு வந்தது. நான் துறைமுகத்துப் பக்கம் ஏசி அறையில் கண்டெய்னர் காகிதம் பார்ப்பவன். குடும்பத்தில் உட்கார்ந்து சம்பளம் வாங்கும் ஒரே ஆள்.

ஞாயிற்றுக்கிழமை யாரும் மீனைத் தொடக்கூடாது என்பதும் அம்மா போட்ட சட்டம். "வெயிலு ஞாயித்துக்கெழமையும் வேலைக்கு வரும், நாம வரமாட்டோம்" என்பாள் தங்கச்சி. மற்ற ஆறு நாளும் விடியுமுன் களத்தில் நிற்பவளுக்கு அதைச் சொல்ல உரிமை உண்டு. காக்கா விரட்டுவது மட்டும் வேலையில் சேராதாம். ஆகவே அதை எனக்குக் கொடுத்திருந்தார்கள்.

பங்குனியில் ஒரு ஞாயிறு. முதல் பூசை பார்த்துவிட்டுக் களத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். தங்கச்சியும் அவளோடு வேலை செய்யும் நான்கு பெண்களும் இரண்டாம் பூசையில் இருந்தார்கள். வலை முழுக்க நெத்திலி. அந்தப் பருவத்தின் பெரிய மீன்பாடு, ஐந்து பேர் இரண்டு நாள் குனிந்து நிமிர்ந்த உழைப்பு. இன்னும் ஒரு வெயில் பட்டால் மூட்டை கட்டலாம். நனைந்தால் கோழித்தீவனம்.

தெற்கே கறுத்தது. தங்கச்சியின் போன் அணைந்திருந்தது. தார்ப்பாய் பத்தடி தூரத்தில் கிடந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அல்லவா? மூடினால் பாவமா, மூடாவிட்டால் பாவமா? இந்த வழக்கை விசாரிக்க எனக்கு அதிகாரம் இல்லை என்று மண்டியிட்டேன். மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி நேர்ந்தேன். மேகம் நெருங்கியது. மூன்றாக்கினேன். முதல் துளி என் வழுக்கையில் விழுந்தபோது கணக்கு ஏழு மெழுகுதிரியும் ஒரு மொட்டையுமாக நின்றது. வழுக்கையனின் மொட்டை யாருக்கு வேண்டும் என்று மாதா நினைத்திருக்க வேண்டும். இன்னும் நாலு துளி விழுந்தன. செருப்பைக்கூட மாட்டாமல் கோவிலுக்கு ஓடினேன்.

சாமியார் பிரசங்கத்தில் இருந்தார். பக்கவாசலில் நின்று, பெண்கள் பக்கம் பார்த்து, பத்து விரல்களாலும் மழை பொழிந்தேன். கடைசி பெஞ்சில் ஒரு பெரியவர் எனக்கு வலிப்பு என்று நினைத்துச் சாவிக்கொத்தை நீட்டினார். தங்கச்சி திரும்பிப் பார்த்தாள். எழுந்தாள், பீடத்தின் முன் முழங்கால் மடக்கிச் சிலுவை போட்டாள், வெளியே வந்தாள். பின்னாலேயே நான்கு பேர். சாமியார் பேச்சை நிறுத்திச் சன்னலைப் பார்த்தார். "போங்கம்மா, சீக்கிரம்" என்றார்.

ஓடிக்கொண்டே தங்கச்சி கேட்டாள்: "மேகம் கட்டி எவ்வளவு நேரமாச்சுண்ணே?"

"கால் மணி இருக்கும்."

"பாயப் போட்டு மூடுனியா?"

"ஞாயித்துக்கெழமையில்லா?"

"பொறவு என்னதாம் செஞ்ச?"

"செபிச்சேன்."

"கையக் கூப்பிக்கிட்டு நின்னா பாய யாரு இழுப்பா? வானத்துலருந்து சம்மனசா எறங்கி வரும்? நாம ஓய்ஞ்சிருக்கத்தான் அம்மா சட்டம் வச்சா, மீன அழுக விடுறதுக்கா வச்சா?"

"ஏளா, அண்ணாச்சிய வையாத" என்றாள் பின்னால் வந்தவள். "ஓடியாவது வந்தாவளே."

களத்துக்கு வந்து சேர்ந்தோம். ஐந்து பேரும் ஆளுக்கொரு பக்கமாகப் பாயை விரித்தார்கள். நான் பிடித்த மூலை காற்றில் என்னையும் சேர்த்துத் தூக்கப் பார்த்தது. தங்கச்சி பட்டுச்சேலையோடு மணலில் மண்டியிட்டுக் கயிற்றை இறுக்கினாள். சற்று முன் நானும் அதே மணலில்தான் மண்டியிட்டிருந்தேன். செபம் என்று பார்த்தால் அவளுடையதுதான் செபம்.

கடைசி முடிச்சு விழுவதற்குள் மழை கொட்டியது. என் பக்கத்து வலை ஒன்று மட்டும் நனைந்துவிட்டது. தங்கச்சி அதை ஒருமுறை பார்த்தாள்.

"நாளைக்கு அலசிக் காயப் போடலாம், கோழித்தீவனத்துக்காவது ஆவும். நன்மைக்கு நேரமிருக்கு, வாங்கட்டி."

நனைந்த ஐந்து பேரும் கோவிலுக்குத் திரும்பி, நற்கருணை வாங்கும் வரிசையின் கடைசியில் நின்றார்கள். தங்கச்சி நீட்டிய உள்ளங்கையின் குறுக்கே கயிறு அழுத்திய சிவப்புத் தடம். சாமியார் அந்தத் தடத்தின் மேலேயே அப்பத்தை வைத்தார். நான் சொட்டச் சொட்ட வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, தியாகியின் முகத்தோடு களத்துக்குப் போனேன். நனைந்த நெத்திலி முழுவதையும் நான் அலசிக் காயப்போடவென்று தங்கச்சி ஏற்கெனவே தனியாக ஒதுக்கி வைத்திருந்தாள்.