கால் வயிற்றோடு ஸ்டியரிங் பிடித்த வருஷங்கள்

1. ஷெட்டுக்குத் திரும்பிய நாள்

வயிற்றில் முக்கால் பங்கை வெட்டி எடுத்த பிறகும் நான் பதிமூன்று வருஷம் பஸ் ஓட்டினேன். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. அந்த வருஷங்கள் எனக்கு யார் யாரோ கொடுத்தவை. அவர்களைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டே இருந்தேன். இப்போது புதிதாக ஸ்டியரிங் பிடிக்கும் பிள்ளைகள் படித்தால் நல்லது.

எழுபதுகளில் என் ரூட், திருத்தணியில் கிளம்பி கே.ஜி.கண்டிகை, அம்மையார்குப்பம் வழியாகப் பொதட்டூர்பேட்டை. தனியார் வண்டி. எங்களுக்குப் பின்னால் பத்து நிமிஷத்தில் இன்னொரு கம்பெனி வண்டி வரும். நாங்கள் இரண்டு நிமிஷம் அசந்தால் போதும், அவன் எங்கள் ஜனத்தை அள்ளிக்கொண்டு போய்விடுவான். அதனால் சாப்பாடு என்பது விழுங்குகிற வேலை. ஐந்து நிமிஷத்தில் பத்து இட்லி, மேலே ஒரு சொம்புத் தண்ணீர், ஸ்டாண்டுக்கு ஒரு டீ. சில நாள் மத்தியானச் சோற்றை நாலு மணிக்குச் சாப்பிடுவேன், சில நாள் அதுவும் கிடையாது. இப்படியே பத்து வருஷம். வயிறு எரிந்தால் சோடா குடித்துச் சமாளிப்பேன். கடைசியில் ஒரு நாள் ஷெட்டில் கருப்பாக வாந்தி எடுத்து விழுந்தேன். மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் அல்சர் என்றார்கள். வயிற்றை அறுத்தார்கள்.

வீட்டுக்கு அனுப்பும் அன்று வார்டு நர்சம்மா கட்டில் பக்கத்தில் வந்து நின்று, தன் கையை மூடிக் காட்டினார்.

"இனிமே உங்க வயிறு இவ்ளோதான். ஒரு நாளைக்கு ஆறு தடவ சாப்பிடணும். ஒவ்வொரு தடவையும் ஒரு இட்லி, மிஞ்சினா ஒண்ணரை. கூழாகிற வரைக்கும் மெல்லணும். சாப்பிடும்போது தண்ணி குடிக்கக் கூடாது. அரை மணி கழிச்சு, மடக்கு மடக்கா குடிங்க. இனிப்பு பக்கம் போகவே கூடாது. அது சரசரன்னு குடலுக்கு எறங்கிடும். உடம்பு வேர்க்கும், நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும், தல சுத்தும். அப்படி வந்தா அங்கயே படுத்துடுங்க. என்ன வேலை பாக்கறீங்க?"

"பஸ் டிரைவரும்மா."

அந்த அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். பிறகு, "அப்ப நான் சொன்னதையெல்லாம் இன்னொரு தடவை சொல்றேன், கேளுங்க" என்று ஆரம்பத்திலிருந்து திரும்பவும் சொன்னார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. இன்றைக்கும் சாப்பிட உட்கார்ந்தால் அவரை ஒரு தரம் நினைத்துக்கொள்வேன்.

மூன்று மாசம் கழித்து ஷெட்டுக்குப் போனேன். முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். காக்கிச் சட்டை கொக்கியில் மாட்டியது போல் என்மேல் தொங்கிக்கொண்டிருந்தது.

"உன்னால முடியுமா?"

"முடியுங்க."

"மூணு மாசம் பாக்கறன். ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா வண்டி வேணாம். ஷெட்ல உக்காந்துகினு டயருக்குக் காத்து புடி."

ஆபரேஷன் நடந்தது முதலாளிக்குத் தெரியும். தலை சுற்றும் என்று நர்சம்மா சொன்னது தெரியாது. நான் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே காத்து பிடிக்க உட்கார வைத்துவிடுவார் என்று பயம். பத்து வருஷத்துக்கு மேல் வண்டி ஓட்டிய எனக்கு ஷெட்டில் உட்காருவது உயிரோடு இருப்பதாகவே தோன்றவில்லை.

2. இன்னொரு வயிறு

ஒரு இட்லியை மென்று சாப்பிடுவது எவ்வளவு கஷ்டம் என்று பசியோடு இருக்கிறவனைக் கேட்டுப் பாருங்கள். என் மனைவி கன்னியம்மாள் எதிரில் உட்கார்ந்துகொண்டு என் வாயையே பார்ப்பாள். நான் சீக்கிரம் விழுங்கினால் தட்டைத் தன் பக்கம் இழுத்துவிடுவாள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். ஒரு நாள், "நான் இன்னா பச்சக் கொழந்தயா?" என்று கத்தித் தட்டைத் தள்ளிவிட்டேன்.

அவள் எழுந்திருக்கக்கூட இல்லை. "தள்ளுங்க. தட்டு இன்னொண்ணு கீது. வயிறு இன்னொண்ணு கீதா?" என்றாள்.

கீழே விழுந்ததைப் பொறுக்கிப் போட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். தினமும் விடிவதற்குள் அவள் ஆறு சின்ன எவர்சில்வர் டப்பாக்களில் பிரித்து வைப்பாள். இரண்டில் இட்லி, இரண்டில் குழைந்த சோறு, ஒன்றில் அவித்த முட்டை, ஒன்றில் பொட்டுக்கடலை மாவு உருண்டை, வெல்லம் இல்லாமல் உப்புப் போட்டுப் பிசைந்தது. நான் வேலையில் இருந்த கடைசி நாள் வரைக்கும் அந்த ஆறு டப்பாவும் தவறியதில்லை.

சோற்றைக்கூடச் சமாளித்தேன். தண்ணீர்தான் என்னை அழவைத்தது. வெயில் காலத்தில் இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தாகம் தொண்டையைப் பிடுங்கும். சொம்பைக் கவிழ்த்து மடமடவென்று குடித்துப் பழகிய ஆள் நான். ஒரு மடக்கை வாயில் வைத்துக்கொண்டு கே.ஜி.கண்டிகை வரும் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கக் கற்றுக்கொண்டேன். அந்தச் சமயம் யாராவது வழி கேட்டால் கையால்தான் பதில்.

3. நாயுடுவின் இலை

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பஸ் எந்த ஓட்டல் வாசலில் நிற்கிறதோ அங்கேதான் ஜனம் சாப்பிடும். அதனால் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் ஓட்டல்காரர் இலை நிறையப் போடுவார், மாப்பிள்ளையைக் கவனிப்பது போல. டிரைவர் சரியாகச் சாப்பிடவில்லை என்றால் அவன் வேறு ஓட்டலுக்குத் தாவப்போகிறான் என்று அர்த்தம்.

பொதட்டூர்பேட்டையில் எங்களுக்கு நாயுடு ஓட்டல். திரும்பி வந்த முதல் வாரம் நாயுடு சோற்றை மலை போல் குவித்து, ரசம், மோர் எல்லாம் ஊற்றினார். மறுக்க வெட்கப்பட்டு முக்கால்வாசி சாப்பிட்டேன். கொல்லைப்புறம் போய் எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். அதற்குப் பிறகு, விஷயம் பரவி முதலாளி காதுக்குப் போகுமே என்ற பயத்தில், "வீட்ல துன்னுட்டு வந்தன்", "இன்னிக்கு விரதம்" என்று தினம் ஒரு பொய். நாயுடு முகம் கொடுத்துப் பேசுவதையே நிறுத்திவிட்டார்.

ரூட்டில் முழு உண்மையும் தெரிந்தவன் கண்டக்டர் செங்கல்வராயன் ஒருவன்தான். கன்னியம்மாளுக்குத் தூரத்துத் தம்பி முறை, என்னைப் பாவா என்று கூப்பிடுவான். அம்மையார்குப்பத்தில் நெசவுக்காரர்கள் லுங்கி மூட்டைகளை வண்டி மேல் ஏற்றுவார்கள். இரண்டு நிமிஷத்தில் முடிகிற வேலையை அவன் ஐந்து நிமிஷமாக்குவான். "அந்த மூட்டய தள்ளி வை. இல்ல இல்ல, இந்தப் பக்கம். கயிற அவுத்து மறுபடி கட்டு" என்று மேலே நின்று சத்தம் போடுவான். அவர்கள் அவனை வாயார வைவார்கள். அந்த ஐந்து நிமிஷத்தில் நான் வண்டிக்கு மறைவாக, ரோட்டுப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு டப்பாவைக் காலி செய்வேன். திருடன் மாதிரிதான் சாப்பிட்டேன்.

4. கிருத்திகை அன்று

முதலாளி கொடுத்த மூன்று மாசத்தில் இன்னும் பத்து நாள்தான் பாக்கி. ஆடிக் கிருத்திகை வந்தது. அன்றைக்குத் திருத்தணியில் எள் போட்டால் கீழே விழாது. மத்தியான டிரிப்பில் மொட்டைத் தலையும் சந்தனமுமாக வண்டி நிரம்பி வழிந்தது. கிளம்புவதற்கு முன்னால் அம்மையார்குப்பத்து நெசவுக்கார அம்மா ஒருவர் கூட்டத்தில் நுழைந்து கேபினுக்கு வந்தார். கையில் ஒரு தொன்னை நிறைய பஞ்சாமிர்தம்.

"மொதல்ல டிரைவருக்கு. நம்ம எல்லாரு உசுரும் அவரு கைலதான கீது. துன்னுங்க நைனா."

கண்ணில் ஒற்றிக்கொண்டு யாருக்காவது கொடுத்திருக்கலாம். கிருத்திகை நாளில், முருகன் பிரசாதத்தை, இத்தனை பேர் பார்க்க எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று மனம் சாக்குச் சொன்னது. சாக்குதான். உண்மையில் நாக்கு கேட்டது. ஆறு மாசமாக இனிப்பு கண்ணில் படவில்லை. தொன்னையைக் காலி செய்து, விரலையும் நக்கி, பழைய பழக்கத்தில் அரைச் சொம்புத் தண்ணீரையும் குடித்தேன். செங்கல்வராயன் பின்னால் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தான், பார்க்கவில்லை.

கே.ஜி.கண்டிகை தாண்டியதும் முதுகு நனைந்தது. இன்ஜின் சூடு என்று நினைத்தேன். அடுத்து நெஞ்சு அடித்துக்கொண்டது. எதிரே குறுகலான சின்னப் பாலம், அதன்மேல் ஒரு மாட்டு வண்டி வந்துகொண்டிருந்தது. ரோடு ஒரு பக்கமாக நழுவுவது போல் தெரிந்தது. எனக்குப் பின்னால் எண்பது பேர். கைக்குழந்தைகள் எத்தனையோ. ஐயோ, பாவி, என்ன காரியம் செய்தாய் என்று என்னையே திட்டிக்கொண்டேன். பிரேக்கை மெதுவாக மிதித்து, இடது பக்கம் புளியமரத்தடியில் வண்டியை ஒதுக்கி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு ஸ்டியரிங் மேல் சாய்ந்தேன்.

"தண்ணி போட்டுக்கினு ஓட்றான்யா! நல்ல நாளும் அதுவுமா!" என்று யாரோ கத்தினார்.

செங்கல்வராயன் ஓடி வந்தான். "பாவா, இன்னா துன்னீங்க?"

"பஞ்சாமிர்தம்."

அவன் தலையில் அடித்துக்கொண்டான். பிறகு படிக்கட்டில் ஏறி நின்று சத்தமாகச் சொன்னான்: "யாரும் தப்பா பேசாதீங்க. நம்ம டிரைவருக்கு வயித்த அறுத்து எடுத்துட்டாங்க. இனிப்பு ஒத்துக்காது. சாமி பிரசாதம்னு துன்னுட்டாரு. கொஞ்ச நேரம் படுத்தா சரியாப்பூடும்."

அந்த நெசவுக்கார அம்மா அழவே ஆரம்பித்துவிட்டார். "அய்யய்யோ, நாந்தான குடுத்தன்!" நாலு பேர் என்னைத் தூக்கி மரத்தடியில் துண்டு விரித்துப் படுக்க வைத்தார்கள். அந்த அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டே இருந்தார். நான் கண்ணைத் திறக்கவில்லை. உடம்பு வேதனையைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது. இத்தனை மாசம் மறைத்ததெல்லாம் நடு ரோட்டில் மல்லாந்து கிடந்தது. அப்படியே அசந்து தூங்கிவிட்டேன்.

முக்கால் மணி கழித்து எழுந்தேன். தலை தெளிந்திருந்தது. முகம் கழுவி, பத்தடி நடந்து பார்த்துவிட்டு சீட்டில் ஏறினேன். எல்லோரும் வண்டியில்தான் இருந்தார்கள். வேறு வழியில்லாமல் காத்திருந்தார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

5. முதலாளி சொன்னது

மறுநாள் காலையில் முதலாளி கேட்பதற்கு முன்னால் நானே போய் நின்றேன். தலை சுற்றும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதையும், அதை நான் மறைத்ததையும், பிரசாதம் சாப்பிட்டதையும் ஒன்று விடாமல் சொன்னேன். வண்டிச் சாவியை மேஜைமேல் வைத்தேன்.

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? எண்பது உசுருய்யா! உன் வீட்டுச் சொத்தா?"

நான் தலை குனிந்து நின்றேன். அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை.

"தல சுத்துச்சே, அப்புறம் எவ்ளோ தூரம் ஓட்டின?"

"ஓட்டலீங்க. பாலத்துக்கு முன்னாலயே நிறுத்திட்டன்."

அவர் குரல் இறங்கியது.

"பின்னால வந்த வண்டிக்காரன் காலைல வந்து சொன்னான். நீ மரத்தடில படுத்துக்கினு இருக்கசொல்ல, அவன் வண்டிய நிறுத்தி உன் ஜனத்த வா வான்னு கூப்ட்டானாம். டிக்கெட்டே வேணாம், ஏறுங்கன்னானாம். ஒருத்தர்கூட ஏறலயாம். 'எங்க டிரைவரு எழுந்துக்கட்டும், அவரே இட்டுக்கினு போவாரு'ன்னாங்களாம். கிருத்திகை அன்னிக்கு, அந்த வெயில்ல." சாவியை என் பக்கம் தள்ளினார். "அவங்களே உன்ன எறக்கல. நான் யாருய்யா எறக்கறதுக்கு?"

எனக்குக் கண்ணீர் வந்தது. முதலாளி முன்னால் அழுதேன் என்று சொல்வதில் எனக்கு இப்போது வெட்கம் இல்லை.

"அம்மையார்குப்பத்துல அஞ்சு நிமிஷம் ஆல்ட்டுன்னு டைம் ஷீட்ல ஏத்திடறன். இனிமே ஒளிஞ்சுகினு துன்னாத. போ, டைம் ஆச்சு" என்றார்.

பிள்ளைகளே, உடம்பில் என்ன கோளாறு இருந்தாலும் ஸ்டியரிங்கைத் தொடுவதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள். முதலாளியிடம் சொல்லுங்கள், கண்டக்டரிடம் சொல்லுங்கள். ஜனத்திடமும் சொல்லலாம், அவர்கள் நாம் நினைப்பதைவிடப் பெரிய மனசுக்காரர்கள். அவர்களை நம்பாமல் நான் செய்த தப்பு, ஒரு மாட்டு வண்டி தூரத்தில் எண்பது பேரைக் கொன்றிருக்கும். இதை நான் ஒரு நாளும் மறந்ததில்லை.

முதலாளி சாவியைத் திருப்பிக் கொடுத்த அன்று மத்தியானம் அம்மையார்குப்பத்தில் வண்டியை நிறுத்தி, கேபினில் உட்கார்ந்தபடியே டப்பாவைத் திறந்து, எல்லோரும் பார்க்க ஒரு இட்லியை மெதுவாக மென்று சாப்பிட்டேன். வண்டியில் யாரும் அவசரப்படவில்லை.