முட்டுவலிப் பொடியும் என் ரெண்டாம் சாட்சியும்

கர்த்தருக்குள்ள எனக்குப் பிரியமானவங்களே, முன்ன ஒரு ஞாயிறு இதே இடத்துல நின்னு நான் சொன்ன சாட்சியில பாதி பொய்யாக்கும். அத இன்னைக்கு சொல்லித் தீரணும்.

ஆரியங்கோட்டுல ரப்பர் தோட்டத்துல பால் வெட்டுதேன். குனிஞ்சு நிமிந்து ரெண்டு கால்முட்டும் தேஞ்சு போச்சு. பெண்கள் ஐக்கியத்துல ஒரு சகோதரி முட்டுக்கு நல்லதுண்ணு ஒரு சத்துப்பொடி தந்தா. பாலுல கலக்கிக் குடிச்சேன், ஜெபிச்சேன். கொஞ்சம் குறஞ்ச மாதிரி இருந்துது. என் வாய் சும்மா இருக்குமா? ஆராதனையில எழும்பி, பூரண சுகம்ணு சொல்லிட்டேன். மறுவாரமே வலி திரும்பிச்சு. வெளிய சொல்ல வெக்கம். நொண்டாம நடக்கதுக்குப் பல்லக் கடிச்சேன்.

நான் சொன்னதக் கேட்டு, பக்கத்து வீட்டு ராஜம்மா அக்காவும் அந்தப் பொடிய வாங்கிக் குடிச்சிருக்காங்க. அக்காவுக்கு இதயத்துல வால்வு மாத்தினது. ரத்தம் கட்டாம இருக்க தினமும் மாத்திரை உண்டு. ஒரு நாள் காலையில மூக்குல இருந்து ரத்தம், நிக்கவே இல்ல. ஆட்டோ பிடிச்சு காரக்கோணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன்.

வேற மருந்து ஏதாவது உண்டாண்ணு டாக்டர் கேட்டார். அக்கா இல்லண்ணு தலைய ஆட்டினாங்க. சத்துப்பொடிய நாங்க யாரும் மருந்தா நினைக்கலியே. அப்பத்தான் எனக்கு அந்தப் பொடி நினைவுக்கு வந்துது. வராந்தாவுல இருக்கவும் முடியல, நிக்கவும் முடியல. நொந்த முட்டோட அங்கயும் இங்கயும் நடந்தேன். சொன்னா சபையில என் மானம் போகும். சொல்லலண்ணா அக்கா?

"ஆண்டவரே, என் மானம் போனா போட்டும். அக்காவத் தாரும். என் வாயத் திறந்து விடும்" எண்ணு அழுதேன்.

திறந்தார். உள்ள போய் எல்லாத்தையும் சொன்னேன். அந்தப் பொடி ரத்த மாத்திரையோட வேகத்தக் கூட்டலாம்ணு சொல்லி, டாக்டர் பொடிய நிறுத்தினார். ரத்தம் சோதிச்சு மருந்து குடுத்தாங்க. சாயந்தரத்துக்குள்ள ரத்தம் நின்னுது.

நான் அக்கா கையப் பிடிச்சு மன்னிப்பு கேட்டேன். அக்கா சொன்னாங்க, "நீ நொண்டுகத நான் பாத்தேன் மக்கா. ஆனாலும் நீ கோயில்ல சொன்னதத்தான் நம்பினேன்."

அந்த வார்த்தை என்ன இன்னும் உறங்க விடல.

முட்டு இன்னும் வலிக்குது. டாக்டர் சொன்ன பயிற்சி செய்யுதேன், மீனும் பயறும் திங்குதேன், எடையக் குறைக்கப் பாக்குதேன். திருவிருந்துக்கு முட்டுக்குத்தாம நின்னுதான் வாங்குதேன். ஆண்டவர நம்புங்க. வீட்டுல இருக்க மருந்து, பொடி டப்பா எல்லாத்தையும் எடுத்து டாக்டர் மேசையில வையுங்க. அக்கா உயிரோட அந்தா ரெண்டாம் வரிசையில இருக்காங்க, ஸ்தோத்திரம். நான் நொண்டிக்கிட்டேதான் முன்னால வந்தேன். இனி அத மறைக்க மாட்டேன்.