றவூப் நாநாவின் மஞ்சள் கொடி

றவூப் நாநாவுக்கு மண் என்றாலே அருவருப்பு. மடவளைக் கடைத்தெருவில் டைல்ஸ் விற்று விற்று, உலகம் முழுக்க வழவழவென்று இருக்கவேண்டும் என்று நினைக்கிற ஆள். பக்கத்து வீட்டுக்காரனாகப் பிறந்த பாவத்துக்கு இந்தக் கூத்தையெல்லாம் நான் பார்க்கவேண்டியிருக்கிறது.

கண்டியில் ஏதோ ஹோட்டல் வாசலில் கண்டதென்று ஒரு கொடியை ஒடித்து வந்தார். சிங்கப்பூர் டெய்சி. தரையோடு தரையாகப் படர்ந்து மஞ்சளாகப் பூக்கும். வீட்டுச் சரிவில் நட்டார். ஒரே மழைக்காலத்தில் சரிவு முழுவதையும் மூடிவிட்டது. போகிற வருகிறவர்களையெல்லாம் பிடித்து நிறுத்துவார்.

"பாருங்க, ஒரு எறும்பு சரி ஈக்கா?"

இல்லைதான். முட்டைப்பையைச் சுமந்துகொண்டு ஓடும் தரைச் சிலந்தியும் இல்லை, சருகுக்குள் கிடக்கும் வண்டும் இல்லை. வெறும் மண் ஒரு சாண்கூட மிச்சமில்லாத இடத்தில் அவை எங்கே போய் வாழும்? நத்தை மட்டும் கொழுத்தது. "கோழி கெளற மண் இல்லாம வாசப்படியக் கொத்துது" என்று அவருடைய மனைவி மஸீனா தலையில் அடித்துக்கொண்டாள். இத்தனைக்கும் சிலந்தியைச் செருப்பால் அடிக்கமாட்டார் இவர். நபிகள் ஒளிந்திருந்த குகை வாசலில் வலை பின்னிக் காத்த பூச்சி, பாவம் என்று ஊருக்கே உபதேசம் செய்வார். கூண்டோடு ஒழித்துக் கட்டியது மட்டும் பாவக் கணக்கில் வராது போலும்.

அதோடு விட்டாரா? இறந்தவர்களை அடக்கும் மையவாடிக்கும் கொண்டுபோனார். கபுறின் மேல் பச்சைச் செடி இருக்கும்வரை உள்ளே இருப்பவருக்கு வேதனை குறையும் என்பது எங்கள் நம்பிக்கை. தன் உம்மாவின் கபுறில் அடக்கம் செய்த அன்று நட்ட குரோட்டன் சோர்ந்து கிடக்கிறதென்று பிடுங்கி எறிந்துவிட்டு, இந்தக் கொடியை வைத்தார். பள்ளிவாசல் நிர்வாகத்தினரும் அழகாக இருக்கிறதென்று பல்லிளித்தார்கள். இரண்டு வருடத்தில் மேடு எது, பள்ளம் எது என்று தெரியவில்லை.

எங்கள் மையவாடியில் பெயர்க்கல் வைப்பதில்லை. இறந்தவரைச் சுமந்துவரும் சந்தூக்கு வைக்கும் கொட்டிலை ஒட்டிய வரிசையில், தாழ்வாரத்துக்குக் கீழே மழை படாத பொடிமண் வரைக்கும் கால்மாடு நீண்டிருந்தது அவருடைய உம்மாவின் கபுறு மட்டும்தான். அந்தப் பொடிமண்ணில் எப்போதும் குழியானைப் பூச்சிகள் சின்னச் சின்னக் குழி பறித்து எறும்புக்குக் காத்திருக்கும். அந்தக் குழிகளை அடையாளம் வைத்துத்தான் றவூப் நாநா உம்மாவின் கால்மாட்டில் நிற்பார். "ஒவ்வொரு வெள்ளியும் வந்து எனக்கு ஸலாம் சொல்லு மகன்" என்று உம்மா சாகும்போது கேட்டிருந்தார். ஒரு வெள்ளிகூட அவர் தவறவிட்டதில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

போன வெள்ளி கண்ணை மூடி உருக்கமாக ஓதிக்கொண்டிருந்தார். செருப்புக்கடை அரூஸ் பின்னால் வந்து நின்றார். அரூஸின் வாப்பாவோடு வடிகால் தகராறில் கடைசிவரை முகம் பார்க்காதவர் இவர்.

"நாநா, இது எங்கட வாப்பாட கபுறு."

"அப்ப எங்கட உம்மாட?"

அரூஸ் மஞ்சள் பூக்களை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

இடுப்பில் கட்டிய வெள்ளைச் சாரத்தோடு றவூப் நாநா முழந்தாளிட்டுக் கொடியைப் பிய்த்தார். குழிகளைத் தேடினார். ஈர வேர்தான் வந்தது. எறும்பே இல்லாத இடத்தில் குழியானைக்கு என்ன வேலை? பரிதாபப்பட்டிருக்கவேண்டும். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

கொஞ்ச நேரத்தில் எழுந்தார். எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல், பொதுவாக அந்தப் பூக்களைப் பார்த்து ஸலாம் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தார்.