ராஜாவின் குதிரைத் தாவல்

இட ஒதுக்கீடு கேட்டு, புளியமரங்களை வெட்டிச் சாலையில் போட்டிருந்த வருஷம் அது. கள்ளக்குறிச்சியில் சதுரங்க இறுதி ஆட்டம். ஜெயிப்பவர் கடலூரில் மாவட்டப் போட்டிக்குப் போகலாம். கடலூரிலிருந்து வரவேண்டிய நடுவர் பாதி வழியில் மாட்டிக்கொள்ள, எங்கள் பி.டி. சாரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். அவருக்குத் தெரிந்ததெல்லாம் கபடி.

எதிரே சங்கராபுரத்து உரக்கடைக்காரர். ராணிக்கு முன்னால் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி ஆரம்பித்தார். அப்புறம் ஒவ்வொரு காய்க்கும் ஒரு டீ. எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. பதினொன்றாம் வகுப்புப் பெண்ணைக் கடலூருக்கு அனுப்ப அப்பா சம்மதித்ததே இந்த ஒரு தடவைக்குத்தான்.

ஒருவழியாக அவர் ராஜாவை மூலையில் மடக்கி, "செக் மேட்" என்றேன். ஆட்டத்தில் நான் வைத்த முதல் செக்கே அதுதான். அவர் நிதானமாக ராஜாவைத் தூக்கி, குதிரை மாதிரி தாவ வைத்தார்.

"இன்னாங்க இது?"

"மொத செக்குக்கு மட்டும் ராஜா ஒரு தபா தாவலாம் பாப்பா. எங்க ஊர்ல அப்படித்தான்."

வேடிக்கை பார்த்தவர்களும் "ஆமா, உண்டு" என்றார்கள்.

"எல்லாரும் சொல்றாங்களேம்மா" என்றார் சார். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"ஊர் ஆட்டத்துல சிப்பாய் ஒரு கட்டந்தானே சார் போவும்? எடுத்த எடுப்புலயே ரெண்டு கட்டம் வச்சாரே!"

சார் யோசித்தார். "அது தப்புதான். ஊர் சட்டத்துலயே மொதல்லேர்ந்து ஆடுங்க."

ஜெயித்த ஆட்டம்! அழுகையே வந்துவிட்டது.

இந்தத் தடவை அதே சிப்பாய் ஒரே கட்டம் நகர்ந்தது. வழி கிடைத்ததும் என் மந்திரிகளில் ஒன்றைக் கொண்டுபோய் வீணாக ஒரு செக் வைத்தேன். சந்தோஷமாக வெட்டினார். "பாவம், பாப்பா கோவத்துல ஆடுது" என்று கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார்.

அந்த மந்திரி இல்லாமல் அல்லாடித்தான் போனேன். பொழுது சாயும்போது அவர் ராஜா மறுபடி மூலையில் மாட்டினான். உரக்கடைக்காரர் ராஜாவைத் தூக்கினார். கை அந்தரத்திலேயே நின்றது.

"தாவல் கெடையாதுங்க. மொத செக்கு அப்பவே முடிஞ்சிது" என்றார் சார். இந்தத் தடவை அவர் கூட்டத்தைக் கேட்கவில்லை.

உரக்கடைக்காரர் ராஜாவைக் கீழே வைத்தார்.

"இங்கிலீஷ் சட்டத்துல இன்னொரு தபா ஆடிப் பாக்கலாமா சார்?"

நான் பலகையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன்.